மைமலானால் தடுமாறும் பிள்ளை: குடும்ப வரைபடம் வரைவதும் பரம்பரையலகு அறிக்கை வாசிப்பதும்

பகல் முழுக்க முற்றத்தில் ஓடித்திரியும் பிள்ளை, மைமலானதும் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால், அதைப் பயம் என்றோ குழப்படி என்றோ விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: முருங்கையிலை கொடு, கரட் கொடு, பப்பாசிப்பழம் கொடு, சரியாகிவிடும். விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மாலைக்கண், சத்து உள்ளே போன சில நாட்களிலேயே தெளியத் தொடங்கும். கொடுத்தும் தெளியவில்லை, பிறந்ததில் இருந்தே இப்படித்தான் என்றால், அடுத்து விசாரிக்கவேண்டியது பரம்பரையலகை (ஜீனை).

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என் அண்ணாவின் மகளுக்கு ஆர்.பி.ஈ.65 (RPE65) என்ற பரம்பரையலகில் விகாரம், அதாவது பழுதான மாற்றம். அவளுக்காக அலைந்து இந்த வழியைக் கண்டபிறகு, தருமபுரம், விசுவமடு, ஒட்டுசுட்டான் பக்கத்துப் பெற்றோர் சிலர் கொப்பியும் ரிப்போர்ட்டுமாக வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களோடு இருந்து செய்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. நோய் என்னவென்று சொல்வது கண் வைத்திய நிபுணரின் வேலை. அவர் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்காமல் இருப்பது எங்கள் வேலை.

ஆர்.பி.ஈ.65 என்ன செய்கிறது

விழித்திரையில் கோல்கள், கூம்புகள் என்று இரண்டு வகைக் கலங்கள் இருக்கின்றன. மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்பவை கோல்கள். அவற்றுக்குள் விற்றமின் ஏயில் இருந்து வந்த மூலக்கூறு ஒன்று வளைந்த வடிவத்தில் இருக்கும். ஒளி பட்டதும் அது நிமிர்ந்துவிடும். பார்வை தொடங்குவது அந்த இடத்தில்தான். நிமிர்ந்ததைத் திரும்ப வளைத்துக் கொடுத்தால்தான் அடுத்த ஒளியை அந்தக் கலம் பிடிக்கும். வளைக்கும் வேலை விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறப்பொருள் மேலணியில் நடக்கிறது. அதைச் செய்யும் நொதியம் (என்சைம்) ஆர்.பி.ஈ.65. பரம்பரையலகுக்கும் அதே பெயர்தான். 533 அமினோவமிலங்களால் ஆனது. அதற்கான பரம்பரையலகு 1ஆம் நிறமூர்த்தத்தின் குறுகிய கையில் இருக்கிறது. இதில் வரும் விகாரம் பிள்ளைகளின் பார்வையைக் கெடுக்கிறது என்பது 1997இல் தெரிந்தது. வளைக்கும் நொதியம் இதுவேதான் என்பது 2005இல்தான் உறுதியானது.

கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது, துலாக்கயிறு அறுந்துபோயிருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் நிலை அதுதான். விற்றமின் ஏ உடம்பில் இருக்கிறது, கண்ணுக்கும் வந்து சேர்கிறது, மேலணியில் எண்ணெய்த் துளிகளாகத் தேங்கிக்கூடக் கிடக்கிறது. எடுத்துக் கொடுக்க நொதியம் இல்லை. ஆகவே கடையில் விற்றமின் ஏ குளிசை வாங்கி அள்ளிக் கொடுக்காதீர்கள். கூடினால் அது ஈரலைக் கெடுக்கும். ஸ்டார்காட் என்ற வேறொரு பரம்பரைக் கண்நோயில் விழித்திரைக்கே கேடாக முடியும். குழந்தைக் கிளினிக்கில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அளவோடு தருவது வேறு விஷயம். அதை நிறுத்தவேண்டாம்.

வீட்டில் பார்த்து எழுதுங்கள்

கைக்குழந்தையாக இருந்தபோது பிள்ளை வெளிச்சத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததா? என் மருமகள், அதாவது அண்ணாவின் மகள், அப்படித்தான். மடியில் கிடக்கும்போது தாயின் முகத்தை விட்டுவிட்டு பல்பையும் யன்னலையுமே பார்ப்பாள். ஆர்.பி.ஈ.65 பழுதான பிள்ளைகளில் இது அடிக்கடி காணப்படும். வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு வேறு பரம்பரையலகாக இருக்கக்கூடும். எனவே இரண்டில் எது என்று எழுதிவையுங்கள். கண்மணி ஆடுகிறதா, பிள்ளை விரலால் கண்ணை அமத்துகிறதா, எத்தனை மாதத்தில் முதலில் கவனித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கண் ஆடுவதைப் போனில் படமெடுத்து வைத்திருப்பது நல்லது. கிளினிக்கில் பிள்ளை அழுது கண்ணைப் பொத்திக்கொண்டால் டொக்டருக்கு அதைக் காட்டலாம்.

வீட்டில் செய்யக்கூடிய சின்னச் சோதனை ஒன்று இருக்கிறது. விறாந்தையில் பாயை விரித்து, அதைச் சுற்றி வாளி, கதிரை, தலையணை என்று தடைகளை வையுங்கள். எல்லா லைட்டும் எரியும்போது ஒருமுறை, ஒரு பல்ப் மட்டும் எரியும்போது ஒருமுறை, குப்பி விளக்கில் ஒருமுறை பிள்ளையை நடக்க விடுங்கள். ஒவ்வொரு முறையும் தடைகளை இடம் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளை பாடமாக்கிவிடும். எந்த வெளிச்சத்தில் எதில் முட்டியது என்று திகதியோடு குறியுங்கள். இந்த நோய்க்கான மருந்தைச் சோதித்த பெரிய மருத்துவ ஆய்விலும் கிட்டத்தட்ட இப்படித்தான் அளந்தார்கள். 1 லக்ஸ் முதல் 400 லக்ஸ் வரை ஏழு வெளிச்ச அளவுகளில், தரையில் தடைகள் வைத்து நடக்கவிட்டார்கள். எங்கள் விறாந்தைக் கணக்கு மருத்துவச் சான்று ஆகாது. ஆனால் “இரவில கொஞ்சம் தெரியுதில்லை” என்று சொல்வதைவிட அது டொக்டருக்கு எவ்வளவோ உதவும்.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் தொடங்கலாம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். மூன்று பரிசோதனைகளின் பெயர் தெரிந்திருக்கட்டும். ஈ.ஆர்.ஜி. விழித்திரையின் மின்துடிப்பை அளக்கும். அதற்கு முன் ஏறக்குறைய 20 நிமிடம் இருட்டில் இருத்துவார்கள், ஆகவே பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்து, நித்திரை முடிந்த நேரமாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். ஓ.சீ.ரீ. விழித்திரையில் கலங்கள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று காட்டும். மூன்றாவது தன்னொளிர்வுப் படம். கண்ணின் பின்பக்கம் இயல்பாக மெல்ல ஒளிரும். ஆர்.பி.ஈ.65 வேலை செய்யாவிட்டால் ஒளிரும் கழிவு அங்கே சேராது, படம் ஏறக்குறைய இருட்டாகவே வரும். ஈ.ஆர்.ஜி. செத்துப்போனது போல இருந்தும், ஓ.சீ.ரீ.யில் கலங்கள் ஓரளவு நன்றாக இருந்து, தன்னொளிர்வு இல்லையென்றால், நிபுணருக்கு இந்தப் பெயர் முதலில் ஞாபகம் வரும்.

குடும்ப வரைபடம்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அவசரமாகச் செய்யவும் கூடாது. ஏ4 தாளைப் படுக்கையாக வையுங்கள், பென்சிலால் எழுதுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கண் தெரியாதவர் என்றால் உள்ளே கறுப்படியுங்கள். நாங்கள் தேடிவந்த பிள்ளைக்கு ஒரு அம்புக்குறி. கணவன் மனைவியை ஒரு கோடு சேர்க்கும். அவர்கள் முன்பே சொந்தம் என்றால் இரட்டைக் கோடு. இறந்தவருக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு. குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும்: பிள்ளை, தாய் தகப்பன், அம்மம்மா அப்பம்மா வரிசை. சித்தி, மாமா, பெரியப்பா, அவர்களின் பிள்ளைகள் எல்லாரும் வரவேண்டும். கண் நல்லவர்களையும் விடாதீர்கள், நல்லவர்கள் எத்தனை பேர் என்பதும் டொக்டருக்குத் தேவை.

எங்கள் மண்ணில் இந்தப் படம் வரைய உட்கார்ந்தால் சாய்கோடு போடும் இடத்தில் பேச்சு நின்றுவிடும். 2009இல் காணாமல் போன மகனின் சதுரத்துக்குக் குறுக்கே கோடு போட எந்தத் தாயையும் கேட்காதீர்கள். நான் அந்தச் சதுரத்துக்கு மேலே சிறிய கேள்விக்குறி ஒன்று வைப்பேன், கீழே கடைசியாகக் கண்ட வயதை எழுதுவேன். மருத்துவத்துக்கு அது போதும்: அந்த வயது வரைக்கும் அவருக்கு இரவில் கண் தெரிந்ததா என்பதுதான் இங்கே வேண்டிய விடயம். தாய் அதைச் சொல்லத் தொடங்கினால் பேனையை வைத்துவிட்டுக் கேளுங்கள். அன்றைக்குப் படம் முடியாவிட்டால் இன்னொரு நாள் முடிக்கலாம்.

கேள்வி கேட்கும் முறையும் முக்கியம். “உங்கட பரம்பரையில ஆருக்கும் கண் வருத்தம் இருந்ததோ?” என்று கேட்டால், “எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை ரீச்சர்” என்றுதான் பதில் வரும். பெண்பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம் அதில் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறைசொல்லமாட்டேன். வேறு மாதிரிக் கேளுங்கள். இரவில் சைக்கிள் ஓடாதவர் யார்? காவலுக்கு வயலுக்குப் போகமாட்டேன் என்றவர் யார்? கோயில் திருவிழாவில் ஆரையாவது கையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவர் யார்? எங்கள் அம்மம்மாவின் தம்பி ஒருவர் பொழுதுபட்டால் கொட்டிலை விட்டு இறங்கமாட்டாராம். பேய்ப்பயம் என்றே ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. இப்படிக் கேட்டபிறகுதான் அந்தக் கதை வெளியே வந்தது. அவர் சதுரத்தைக் கேள்விக்குறியோடு பாதி கறுப்படித்திருக்கிறோம்.

பத்திரங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன என்று கவலைப்படவேண்டாம். வயது சரியாகத் தெரியாவிட்டால் “சூறாவளி வருசம்”, “இந்திய ஆமி வந்த வருசம்” என்று சொல்வதை அப்படியே எழுதுங்கள். 1964, 1987 என்று பிறகு மாற்றிக்கொள்ளலாம். கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் சொந்தத்தை வட்ஸ்அப்பில் எடுங்கள். ஊரில் இருப்பவர் மறந்ததை அங்கே இருக்கும் வயதான பெரியம்மா ஞாபகம் வைத்திருப்பார். தாய்வழியும் தகப்பன்வழியும் எந்த ஊரில் இருந்து வன்னிக்கு வந்தன என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். சொந்தமில்லை என்று நினைக்கும் இரண்டு குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் ஒரே ஊராக இருப்பது உண்டு.

இரட்டைக் கோட்டை ஒளிக்காதீர்கள். என் அண்ணாவும் அண்ணியும் மச்சான் மச்சாள், அண்ணி எங்கள் மாமாவின் மகள். இப்படிச் சொந்த மச்சான் மச்சாளாக இருப்பவர்களின் பரம்பரையலகுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ஒரே பாட்டன் பாட்டியிடம் இருந்து வந்தவை. ஆர்.பி.ஈ.65 நோய் பெரும்பாலும் பின்னிடைவானது: தாயிடம் இருந்து ஒரு பழுதும் தகப்பனிடம் இருந்து ஒரு பழுதும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும். ஒரு பழுது மட்டும் உள்ளவர் காவி. அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். நானும் காவியாக இருக்கலாம். இரவில் ஏ9 வீதியில் ஸ்கூட்டர் ஓடுகிறேன், ஒரு குறையும் இல்லை.

இரத்தம் கொடுக்கும்போது

பரம்பரையலகுப் பரிசோதனைக்கு ஊதா மூடி போட்ட குழாயில் சில மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் இருக்கத் தேவையில்லை. பிள்ளையோடு தாய் தகப்பன் இருவரின் இரத்தமும் போகட்டும் என்று கேளுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் அலகு 1983 முதல் இயங்குகிறது. இந்தியாவில் மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் கண்ணுக்கென்றே மரபியல் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. எங்கே அனுப்பினாலும் ஒரு பரம்பரையலகை மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள். பரம்பரை விழித்திரை நோய்களுக்குக் காரணமான பரம்பரையலகுகள் 250க்கும் மேல். பிறப்பில் இருந்தே பார்வை குறையும் நோயை 1869இல் ஜேர்மன் வைத்தியர் தியோடர் லீபர் விவரித்தார். அந்த லீபர் நோய்க்கு மட்டுமே இருபதுக்கு மேல் இருக்கின்றன. ஆர்.பி.ஈ.65 அவற்றில் ஒன்றுதான். தொகுதியாகப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள்.

அறிக்கையை வாசிப்பது

அறிக்கை ஆங்கிலத்தில் பல பக்கம் வரும். பயப்படாதீர்கள், மூன்று இடத்தைக் கண்டுபிடித்தால் போதும்.

முதலாவது, பரம்பரையலகின் பெயரும் மாற்றத்தின் முகவரியும். உதாரணத்துக்கு, உலகில் பல குடும்பங்களில் கண்ட ஒரு மாற்றம் “சீ.271சீ>ரீ” (c.271C>T) என்று எழுதப்பட்டிருக்கும். 271ஆவது எழுத்தில் சைற்றோசின் இருக்கவேண்டிய இடத்தில் தைமின் வந்துவிட்டது என்பதுதான் அது. அதற்குப் பக்கத்தில் “பீ” என்று தொடங்கி 91 என்ற எண்ணோடு இன்னொன்று இருக்கும். நொதியத்தின் 91ஆவது அமினோவமிலம் ஆஜினினாக இருக்கவேண்டியது திரிப்தோபனாகிவிட்டது என்கிறது அது. 533இல் இந்த ஒன்று மாறினாலே வடிவம் குலைந்து நொதியத்தின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். இந்த முகவரியை எழுத்துப் பிசகாமல் கொப்பியில் எழுதிவையுங்கள். பிறகு யாரிடம் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

இரண்டாவது, ஒன்றா இரண்டா. “ஹோமோசைகஸ்” என்றால் இரண்டு பிரதியிலும் அதே மாற்றம். மருமகளின் அறிக்கையில் இருந்தது அதுதான். “ஹெற்றரோசைகஸ்” என்றால் ஒரு பிரதியில் மட்டும். ஒரே பரம்பரையலகில் வெவ்வேறு ஹெற்றரோசைகஸ் மாற்றம் இரண்டு இருந்தால் கவனமாக இருங்கள்: ஒன்று தாயிடம் இருந்தும் மற்றது தகப்பனிடம் இருந்தும் வந்திருந்தால் நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்து ஒன்றாக வந்திருந்தால் மற்றப் பிரதி நல்லதாக இருக்கிறது, ஆகவே காரணம் இது இல்லை. தாய் தகப்பனின் இரத்தம் வேண்டும் என்றது இதற்காகத்தான். ஒரேயொரு மாற்றம் மட்டும் இருந்தால் பிள்ளை வெறும் காவியாகவும் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு “நோய் கண்டுபிடித்தாயிற்று” என்று சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது, தரம். ஐந்து தரம் உண்டு. “பதொஜெனிக்” என்றால் நோய் தரும். அதற்கு முன்னால் “லைக்லி” என்று இருந்தால் பெரும்பாலும் நோய் தரும். “பினைன்” என்றால் தீங்கில்லை, அதற்கும் ஒரு “லைக்லி” உண்டு. நடுவில் நிற்பது வீ.யூ.எஸ்., அதாவது இன்னும் தீர்மானிக்கமுடியாத மாற்றம். எங்களிடம் வரும் அறிக்கைகளில் பெற்றோரை அதிகம் குழப்புவது இந்த நடுத்தரம்தான். அதை நோய் என்றும் எடுக்கக்கூடாது, இல்லை என்றும் எடுக்கக்கூடாது. பெற்றோரின் இரத்தம், தன்னொளிர்வுப் படம், வரைபடம் மூன்றையும் வைத்து நிபுணர் பார்ப்பார். ஒன்றுமே கிடைக்கவில்லை என்று வந்தாலும் அறிக்கையை எறியாதீர்கள். புதிய பரம்பரையலகுகள் ஆண்டுதோறும் சேர்கின்றன, சில வருடம் கழித்து அதே தரவைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம்.

அறிக்கை வந்த அன்று வீட்டில் நடக்கும் ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். தாயைக் குற்றம் சொல்வார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாள், முள்ளிவாய்க்காலில் செல் புகை குடித்தாள் என்பார்கள். தாயிடமும் தகப்பனிடமும் ஒரே மாற்றம் இருக்கிறதென்றால் அது இருவருக்கும் முன்னால், பாட்டன் பாட்டி வழியாக வந்தது. வரைபடத்தை மேசையில் விரித்து, எல்லார் முன்னாலும் விரலால் தொட்டுக் காட்டுங்கள். நான் அண்ணியின் பக்கத்தில் இருந்து அதைத்தான் செய்தேன். அடுத்த பிள்ளையைப் பற்றியும் அப்போதே பேசுங்கள்: இருவரும் காவி என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நூற்றுக்கு 25 பங்கு நோய், 50 பங்கு காவி, 25 பங்கு இரண்டும் நல்லது. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்ற கணக்கு பிழை.

பெயர் தெரிந்தபிறகு

பெயர் தெரிவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். இந்த நோய் உள்ள பிரியார்ட் இன நாய்களுக்கு நல்ல பரம்பரையலகைக் கண்ணுக்குள் செலுத்தியதும் பார்வை வந்தது என்று 2001இல் அறிவித்தார்கள். 2017 டிசம்பரில் அமெரிக்கா லக்ஸ்டர்னா என்ற மருந்தை மனிதருக்கு அனுமதித்தது. 2018இல் ஐரோப்பா, 2020இல் கனடா. தீங்கில்லாத வைரசு ஒன்றில் சரியான பரம்பரையலகை ஏற்றி, ஒரு கண்ணுக்கு 0.3 மில்லிலீற்றர் வீதம் விழித்திரைக்குக் கீழே செலுத்துவார்கள். ஆர்.பி.ஈ.65இன் இரண்டு பிரதியும் பழுதானவர்களுக்கு மட்டும்தான் இது, மற்றப் பரம்பரையலகுகளுக்கு உதவாது. உயிரோடு இருக்கும் கலங்களைத்தான் வேலை செய்யவைக்கும், செத்தவை எழும்பாது. அதனால்தான் ஓ.சீ.ரீ.யை ஒழுங்காகத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்கிறேன். விலை, அறிவித்தபோது இரண்டு கண்ணுக்கும் 850,000 அமெரிக்க டொலர். எங்களுக்கு அது இன்னும் எட்டவில்லை. எட்டும் நாளில் மருமகளின் கலங்கள் மிச்சமிருக்கவேண்டும், அறிக்கை கையில் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஆசையை வைத்து ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். “ஸ்டெம் செல்” ஊசி, கண் துளி, மூலிகை எண்ணெய் என்று ஒருவர் பெருந்தொகை கேட்டால், எந்தப் பரம்பரையலகுக்கு, எந்த நாட்டு அனுமதியோடு என்று கேளுங்கள். உண்மையான மருத்துவ ஆய்வில் பொதுவாக மருந்துக்குப் பங்குபற்றுபவரிடம் காசு வாங்கமாட்டார்கள். காணியை ஈடு வைப்பதற்கு முன் உங்கள் கண் வைத்திய நிபுணரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அறிக்கையையும் வரைபடத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். வெள்ளம் வந்தால் என்ன, ஓடவேண்டி வந்தால் என்ன, ஒரு பிரதியாவது மிஞ்சும். குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். மற்றவர்களின் பெயரும் சதுரமும் வட்டமும் அதில் இருக்கின்றன. கலியாணம் பேசும் வயதில் இருக்கும் சித்தி பிள்ளைக்கோ மாமா பிள்ளைக்கோ தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: காவியா என்று இரத்தத்தில் பார்க்கலாம், பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் விருப்பம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை யன்னல் பக்கத்து முன் வாங்கில் இருத்தச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் கூடக்கூட நல்லது, மேசைக்கு ஒரு எல்.ஈ.டி. விளக்கும் வேண்டும். மாலை வகுப்பில் இருந்து தனியாக வரவிடாதீர்கள். யானை நடமாட்டம் உள்ள பக்கம் என்றால் சொல்லவே தேவையில்லை. பார்வை இன்னும் குறைந்தால், பார்வையற்ற பிள்ளைகளுக்கு உதவும் கைதடி நவீல்ட் பாடசாலையும் சுன்னாகம் வாழ்வகமும் இருக்கின்றன. இப்போதே ஒருமுறை போய்ப் பார்த்து வையுங்கள். புலமைப்பரிசில், சாதாரண தரம் போன்ற பரீட்சைகளில் பெரிய எழுத்து வினாத்தாளுக்கும் மேலதிக நேரத்துக்கும் வைத்தியச் சான்றிதழோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். பரீட்சைக்குக் கிட்ட வந்து கேட்டால் கிடைக்காது, ஆகவே வருடத் தொடக்கத்திலேயே அதிபரிடம் போய் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.